மணிக்கட்டில் ஒரு ரயில் நிலையம்

நம் வண்டிப்பெரியாருக்குப் பெயரில் வண்டி உண்டே தவிர ரயில் வண்டி கிடையாது. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகலப்பாதை வந்த பிறகும், மலை இறங்கினால்தான் ரயிலைப் பார்க்க முடியும். இந்த ஊரில் பிறந்து, டிப்ளமோ முடித்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளிவிட்டு, மறுபடி இங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்த மகள் ஒரு கைக்கடிகாரத்தை நீட்டினாள். அலுவலக வேலையாகச் சுவிட்சர்லாந்து போய்த் திரும்பியவள். "ரயில்காரருக்கு ரயில் கடிகாரம்ப்பா" என்றாள்.

வெள்ளை முகம். எண்களே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடித்த கறுப்புக் கோடு, இடையில் நிமிடத்துக்கு ஒரு மெல்லிய கோடு. கறுப்பாக இரண்டு முட்கள். விநாடி முள் மட்டும் சிவப்பு. அதன் நுனியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு வட்டம். பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. அது சுவிட்சர்லாந்து ரயில் நிலையங்களில் தொங்கும் கடிகாரத்தின் முகம்.

அதை 1944-இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர். அவர் கலைஞர் அல்லர்; சுவிஸ் ரயில்வேயில் வேலை பார்த்த பொறியாளர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடுகிறவன் ஓடிக்கொண்டே மணி பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. சிவப்பு விநாடி முள் 1950களில் வந்து சேர்ந்தது. வண்டியை அனுப்பும் நிலைய அலுவலர் கையில் பிடிக்கும் வட்டத் தட்டின் வடிவம் அது. நம் ஊர் கார்டு பச்சைக் கொடியை ஆட்டுவது போல, அங்கே அந்தத் தட்டு.

இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த முள் ஒரு சுற்றை ஏறக்குறைய ஐம்பத்தெட்டரை விநாடியில் முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின்துடிப்பு வந்ததும் நிமிட முள் ஒரு கோடு தாவும், விநாடி முள் மறுபடி புறப்படும். இப்படி நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்துக்கு வந்துவிடுகின்றன. வண்டி புறப்படுவதும் முழு நிமிடத்தில்தான்.

1986-இல் மொண்டேன் என்ற நிறுவனம் இதே முகத்தைக் கைக்கடிகாரமாக வெளியிட்டது. ஆனால் முகம் வந்ததே தவிர அந்த நிற்றல் வரவில்லை. சாதாரண குவார்ட்ஸ் இயந்திரம் அப்படி நிற்காது. 2013-இல்தான் நின்று புறப்படும் மாதிரியைக் கொண்டுவந்தார்கள். என் மகள் வாங்கி வந்தது நிற்காத மாதிரி. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980களின் பிற்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். மாமனார் போட்ட கைக்கடிகாரம் கையில் மின்னும். தங்க நிற முகம், தங்க நிற முட்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கல். வேறு ஒரு கோடுகூடக் கிடையாது. அன்றைக்குத் தண்டவாளம் மாற்ற 11.10 முதல் 11.50 வரை லைன் பிளாக் வாங்கியிருந்தோம். அதற்குள் வேலையை முடித்து, பாதை சரி என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை வண்டி நகராது.

வேலை சுறுசுறுப்பாக முடிந்துவிட்டது. கையைத் திருப்பிப் பார்த்தேன்; 11.35 என்று பட்டது. சரி, பக்கத்தில் ஆட்டம் கண்டிருந்த இரண்டு கட்டைகளையும் மாற்றிவிடலாம் என்றேன். மேஸ்திரி தயங்கினார். "வேண்டாங்க சார், மணி முக்காலாகப் போகுது." அவர் கையில் இருந்தது பழைய எச்.எம்.டி. என் கையில் இருந்ததோ புத்தம் புது குவார்ட்ஸ். "உங்க வாட்ச் வேகமா ஓடுது மேஸ்திரி" என்று சொல்லிவிட்டேன், ஆட்கள் எல்லோருக்கும் கேட்க.

பிளாக் பதினான்கு நிமிடம் தாண்டிப்போனது. ஒரு பாசஞ்சர் வண்டி சிக்னலில் நின்றது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதில் இருந்தார்கள் என்று பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். விளக்கம் கேட்டு மெமோ வந்தபோது, 'கடிகாரம் மெதுவாக ஓடிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். கடிகாரம் விநாடி பிசகாமல்தான் ஓடியது; நான்தான் தவறாகப் படித்தேன். மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் சிரித்துக்கொண்டு, "நகையையும் கடிகாரத்தையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டா இப்படித்தான் சார்" என்றார்.

அந்த ஒற்றைக் கல் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1947-இல் அமெரிக்காவில் நேதன் ஜார்ஜ் ஹார்விட் என்பவர் ஒரு கறுப்பு முகத்தில் பன்னிரண்டாம் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். நண்பகல் சூரியன் என்பது கருத்து. வேண்டாததையெல்லாம் களைந்துவிடு என்று கட்டடக் கலையிலும் நாற்காலி மேசையிலும் பௌஹவுஸ் பள்ளியார் சொன்னதன் தொடர்ச்சி அது. 1960-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதே பள்ளியில் படித்த மாக்ஸ் பில், கட்டடக் கலைஞரும் சிற்பியுமானவர், 1961-இல் யுங்ஹான்ஸ் நிறுவனத்துக்குக் கைக்கடிகாரம் வடிவமைத்தார். அவரும் பலவற்றைக் களைந்தார்; ஆனால் நிமிடக் கோடுகளை விட்டுவைத்தார். ஹார்விட்டின் கறுப்பு முகத்தில் முட்களாவது பளிச்சென்று தெரியும். என் கல்யாணக் கடிகாரத்தைச் செய்தவர் பொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தங்கத்தில் மூழ்கடித்துவிட்டார்.

எண்கள் இல்லாததுதான் குற்றம் என்று அப்போது நினைத்தேன். மகள் தந்ததிலும் எண்கள் இல்லை. ஆனாலும் கண்ணாடி போடாமலே நிமிடம் சொல்ல முடிகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேற்றுமை, மணி முள்ளுக்கும் நிமிட முள்ளுக்கும் உள்ள தடிமன் வேற்றுமை, இவைதான் வேலை செய்கின்றன. என் தகப்பனார் இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பார்த்தவர். பத்தடி தள்ளி நின்றே வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் இலை கருகிவிடும் என்பார். கடிகாரம் செய்கிறவர்கள் இப்படிப்பட்ட இயந்திர அளவிகளிடமிருந்தும் நிறையக் கற்றிருக்கிறார்கள். மேஸ்திரி கட்டியிருந்த எச்.எம்.டி. பைலட் அதற்கு நல்ல உதாரணம். கறுப்பு முகம், பெரிய வெள்ளை எண்கள். விமானி முன்னால் இருக்கும் கருவிப் பலகையை அப்படியே சுருக்கி வைத்தது போல. இயந்திரக் கருவிகள் செய்த அரசு நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்த செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிற துறைகளிலிருந்து வந்தவை இன்னும் பல. 1904-இல் விமானி சாண்டோஸ் டூமோன் பறக்கும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்றதால், கார்த்தியே அவருக்கு ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். அதே கார்த்தியே 1917-இல் வடிவமைத்த 'டாங்க்', முதல் உலகப் போரின் ரெனோ பீரங்கி வண்டியை மேலிருந்து பார்த்தாற்போன்றது. 1972-இல் ஜெரால்ட் ஜென்டா, முக்குளிப்பவரின் இரும்புத் தலைக்கவசத்தில் இருந்த திருகாணிகளைக் கடிகார விளிம்பில் எட்டாக வைத்தார். நிமிட அளவை இரண்டு இணைகோடுகளும் குறுக்குக் கட்டைகளுமாகப் போடுவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'இருப்புப் பாதை' என்பதே. உங்கள் வீட்டுப் பழைய கடிகாரத்தில் பாருங்கள், தண்டவாளம் வட்டமாகப் போட்டிருக்கும்.

ரயில்காரர்களே விதி எழுதியதும் உண்டு. 1891 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு வண்டிகள் மோதிப் பலர் மாண்டார்கள். ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று ஓடியதாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு வெப் பால் என்ற நகை வணிகரைக் கொண்டு ரயில்வேக் கடிகாரங்களுக்கு இலக்கணம் வகுத்தார்கள். வெள்ளை முகம், தடித்த எண்கள், வாரத்துக்கு முப்பது விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. பிசகாமல் ஓடினால் மட்டும் போதாது, பிசகாமல் படிக்கவும் முடிய வேண்டும் என்று அந்த மனிதர் அன்றே எழுதிவைத்திருக்கிறார். நான் மெமோ வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

நகையும் கடிகாரமும் சேரவே கூடாதா? அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே எதிர்ப்பு வரும். ஓசூரில் தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ராகா என்ற வரிசையில் வளையல் போன்ற கடிகாரங்களைக் கொண்டுவந்தது. என் மனைவி இரண்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு லைன் பிளாக் கிடையாது, எனவே நான் பேசுவதில்லை. 2002-இல் அதே ஓசூரில் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் 'எட்ஜ்' வந்தபோது, அது நம் தமிழ்நாட்டு மண்ணில் செய்தது என்று ரயில்வே காலனியில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மனதுக்கு மிகப் பிடித்தது வேறொன்று. எச்.எம்.டி. பார்வையற்றவர்களுக்காகச் செய்த கடிகாரம். கண்ணாடி மூடியைத் திறந்து, விரலால் முட்களைத் தொட்டு, பிரெய்ல் எழுத்துப் போல மேடாக இருக்கும் புள்ளிகளை எண்ணி மணி அறியலாம். நான் பணிபுரிந்த ஒரு நிலையத்தில் டெலிபோன் பூத் வைத்திருந்த ஒருவர் அதைக் கட்டியிருந்தார். ஸ்டேஷன் கடிகாரம் நின்றுபோன ஒரு நாளில் நாங்கள் அவரிடம்தான் மணி கேட்டோம்.

கல்யாணக் கடிகாரம் பீரோவில் இருக்கிறது. மாமனார் போட்டது, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டிக்கொள்வேன். மகள் தந்ததைத் தினமும் கட்டுகிறேன். காலையில் எஸ்டேட் சங்கு ஊதும்போது அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சங்கு சில நாள் ஒரு நிமிடம் பிந்துகிறது.