பக்கவாட்டில் அடுக்குவது எப்படி?

கல்லூரி இன்டர்னல் மதிப்பெண் டேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவருக்கு ஒரு கிடைவரிசை. அதில் தேர்வு1, தேர்வு2, தேர்வு3 என மூன்று நெடுவரிசைகள். ஒருவர் வாங்கியது 31, 46, 38. மூன்றில் சிறந்த இரண்டுதான் கணக்கு என்பதால் 46, 38, 31 என்று இறங்குமுகமாகக் காட்ட வேண்டும். எஸ்க்யூஎல்லில் இதற்கென்று நேரடிக் கட்டளை இல்லை. ‘ஆர்டர் பை’ மாணவர்களை மேலும் கீழுமாக மாற்றி நிறுத்தும். ஒரே மாணவரின் மூன்று எண்களுக்குள் கை வைக்காது.

காரணம் அடித்தளத்திலேயே இருக்கிறது. இந்த டேபிள்களுக்கெல்லாம் மூலம், ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை. 30 நெடுவரிசைகள் வருவதுகூட அபூர்வமல்ல, எது எத்தனையாவது என்று பயன்படுத்துபவர் நினைவில் வைத்துத் திண்டாடக் கூடாது என்று அதில் அவர் வாதிட்டார். பெயர் சொன்னால் போதும். அந்தக் கணக்கில் தேர்வு1க்கு வலப்பக்கம் என்று எதுவும் கிடையாது. எவ்வளவு தெளிவான சிந்தனை!

இரண்டே நெடுவரிசை என்றால் ‘கிரேட்டஸ்ட்’, ‘லீஸ்ட்’ இரண்டும் போதும். மூன்று என்றால் மொத்தத்திலிருந்து பெரியதையும் சிறியதையும் கழித்து நடு எண்ணைப் பிடிக்கலாம். நான்காவது வந்ததும் இந்த வித்தை தீர்ந்துபோகும்.

எத்தனை நெடுவரிசைக்கும் தாங்கும் வழி ஒன்று உண்டு: கிடப்பதை நிமிர்த்தி, அடுக்கி, மறுபடி சாய்ப்பது. முதலில் ‘யூனியன் ஆல்’ கொண்டு அந்த ஒரு கிடைவரிசையை மூன்றாகப் பிரிக்கிறோம்: அதே மாணவர் எண், பக்கத்தில் 31; அதே எண், 46; அதே எண், 38. இப்போது எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் ‘ஆர்டர் பை’க்குப் பிடி கிடைத்துவிட்டது. ‘ரோ நம்பர்’ என்ற செயற்கூற்றிடம், மாணவர் எண் வாரியாகப் பிரித்து, மதிப்பெண் இறங்குமுகத்தில் எண் போடு என்கிறோம். 46க்கு 1, 38க்கு 2, 31க்கு 3. கடைசியாக மாணவர் எண்ணால் ‘குரூப் பை’ செய்து, எண் 1 உள்ளது முதல் நெடுவரிசைக்கு, 2 உள்ளது இரண்டாவதற்கு என ‘மேக்ஸ்’, ‘கேஸ்’ சேர்த்து எழுதினால் ஒரே கிடைவரிசை திரும்பக் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ‘ரோ நம்பர்’ வந்தது 8.0 பதிப்பில்தான், 5.7 ஓடும் சர்வரில் தேடினால் கிடைக்காது.

‘ரோ நம்பர்’ இருக்கும் இடத்தில் ‘ரேங்க்’ போட்டுவிடக் கூடாது. மூன்றில் இரண்டு தேர்வுகளில் 46 வாங்கியவருக்கு ‘ரேங்க்’ இரண்டுக்கும் 1 கொடுத்து 2ஐத் தாண்டிவிடும். சாய்க்கும்போது ஒரு 46 காணாமல் போய், இரண்டாம் கட்டம் காலியாகும். தேர்வுக்கு வராதவரின் ‘நல்’, அதாவது வெற்று மதிப்பு, இன்னும் மோசம்: போஸ்ட்கிரெஸ்ஸும் ஆரக்கிளும் இறங்குமுகத்தில் அதை முதலிடத்தில் வைக்கும், மைஎஸ்க்யூஎல் கடைசிக்குத் தள்ளும். முதல் இரண்டிலும் ‘நல்ஸ் லாஸ்ட்’ என்று எழுதியே ஆக வேண்டும்.

அடுக்கிய எண்களை ‘அப்டேட்’ போட்டு மூல டேபிளிலேயே எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். 46 இரண்டாம் தேர்வில் வாங்கியது என்ற தகவல் அந்த நொடியே அழிந்துவிடும். இந்த வினவலை ஒரு ‘வியூ’வாக வைத்துக்கொண்டால் மதிப்பெண் பட்டியலுக்கு அடுக்கிய வடிவமும், மறுமதிப்பீடு கேட்டு வரும் மாணவருக்கு எந்தத் தேர்வில் என்ன வாங்கினார் என்பதும் இரண்டுமே கையில் இருக்கும்.