ஃப்ளஷ் டேங்கின் நீர்மட்டம்

மேலைநாட்டுப் பாணிக் கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்கில், நீரை உள்ளே விடும் வால்வும் அதைக் கோப்பைக்குள் திறந்துவிடும் அடிவால்வும் ஆகிய இரண்டே முக்கிய உறுப்புகள் என்பதால், கோளாறு எதில் என்பதை மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தே பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

டேங்கின் உள்ளே செங்குத்தாக நிற்கும் வழிகுழாயின் விளிம்பைத் தாண்டி நீர் ஓயாமல் வழிந்தால், பழுது உள்வால்வில் இருக்கிறது. நீரோடு உயர்ந்து வால்வை அடைக்கும் மிதவையைக் கையால் தூக்கிப் பிடிக்கையில் நீர் நின்றால், மிதவையைத் தாழ்த்தி, மட்டம் அவ்விளிம்புக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு திருத்தினால் போதும். அப்போதும் நிற்காவிட்டால், வால்வுக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது தூசு சிக்கியிருக்கும்.

மட்டம் விளிம்புக்குக் கீழேயே இருந்தும், யாரும் பயன்படுத்தாத வேளையில் சற்றைக்கொருமுறை நீர் ஏறும் ஓசை கேட்டால், அடிவால்வின் ரப்பர் வளையம் கசிகிறது எனக் கொள்ளலாம். சிட்டிகை கேசரி கலரை டேங்கில் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டு, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் வளையத்தின் அடியில் வெண்மையாகப் படிந்து அதைச் சரியாக அமரவிடாமல் செய்வதுண்டு. அப்படிவை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தெடுக்கலாமே தவிர, டேங்கில் ஆசிட் ஊற்றுவது ரப்பரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

டேங்க் நிரம்ப நெடுநேரம் எடுத்தால், முதலில் ஆங்கிள் காக்கை மூடி, உள்வால்வின் வாயிலுள்ள சிறு வலைவடிகட்டியில் அடைந்த மணலைக் கழுவ வேண்டும். அதன்பின்னும் மாற்றமில்லையெனில், கவனிக்க வேண்டியது அழுத்தம். பத்து மீட்டர் உயரத்து நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும் என்னும் கணக்கின்படி, மொட்டைமாடித் தொட்டிக்கு இரண்டு, மூன்று மீட்டர் கீழே இருக்கும் மேல்தளக் கழிப்பறைக்குக் கிடைப்பது 0.2 அல்லது 0.3 பார் மட்டுமே. புதிய வால்வுகள் பலவற்றில் உள்ள மெல்லிய ரப்பர் சவ்வு நீரழுத்தத்தின் துணையால்தான் இறுக மூடுகிறது. ஆகவே அழுத்தம் குறைந்த இடத்தில் அவை மெதுவாக நிரப்புவதோடு முழுமையாக அடைக்கவும் தவறக்கூடும். குறைந்த அழுத்தத்துக்கென அகன்ற துளையோடு செய்யப்பட்ட வால்வைக் கேட்டு வாங்காமல், அதே வகையையே மீண்டும் மீண்டும் மாற்றிப் பொருத்துவது வீண்செலவு.

டேங்க் நிறைந்திருந்தும் ஃப்ளஷ் வலுவிழந்து ஓடுமானால், ஒரு வாளி நீரைக் கோப்பையில் வேகமாக ஊற்றிப் பார்க்க வேண்டும். அது தடையின்றி இறங்கினால் குறை அடிவால்வு முழுதாகத் திறக்காததிலோ, கோப்பை விளிம்பின் கீழுள்ள துளைகளை உப்பு அடைத்திருப்பதிலோ இருக்கும். இறங்காமல் ஏறி நின்றால், அடைப்பு கோப்பைக்கு அப்பால் இருப்பதால் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை.