பேரனின் காரும் உருகிப் போன பிளக்கும்

போன தீபாவளி விடுமுறையில் ஒரு மாலை, கீழே காம்பவுண்டில் விளையாடிக் கொண்டிருந்த என் பேரன் ரிமோட் காரைத் தூக்கிக் கொண்டு மேலே ஓடி வந்தான். "தாத்தா, மோட்டார் போச்சு! கருகின வாசனை வருது" என்றான். வாங்கிப் பார்த்தேன். மோட்டார் சௌக்கியமாகத்தான் இருந்தது. பாட்டரியையும் காரையும் இணைக்கும் வெள்ளைப் பிளக்தான் பழுப்பேறி, இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ரயில் பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் உள்ள 110 வோல்ட் பாட்டரிகளோடு காலம் தள்ளியவனுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. செல்களை இணைக்கும் பட்டையில் ஒரே ஒரு நட்டு தளர்ந்தால் போதும், அந்த இடம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பழி மட்டும் பாட்டரியின் மேல் விழும்.

நடந்தது இதுதான். கடையில் வாங்கும்போது அந்தக் காரில் கார்பன் பிரஷ் உள்ள சாதாரண மோட்டார் இருந்தது. பையன் சேர்த்து வைத்த காசில் பிரஷ்லெஸ் மோட்டாரும், அதற்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும், 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பாட்டரியும் போட்டுக் கொண்டான். பழைய பிளக்கை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

பழைய மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக் கொள்வோம். புதியது முடுக்கும்போது 40 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் நான்கு மடங்கு. ஆனால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பதினாறு மடங்கு. தேய்ந்த பிளக்கில் 5 மில்லி ஓம் தடை இருந்தால் முன்பு அரை வாட் சூடு. இப்போது 8 வாட். சிறிய 25 வாட் சால்டரிங் அயர்னில் மூன்றில் ஒரு பங்கு சூட்டை ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்தால் அது உருகாமல் என்ன செய்யும்?

அந்த வெள்ளைப் பிளக்கை டாமியா பிளக் என்பார்கள். உள்ளே இருப்பது மடித்த மெல்லிய தகடு. கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடி தளரும். சாதாரண மோட்டாருக்குப் பரவாயில்லை. பிரஷ்லெஸ் மோட்டாருக்கு வேண்டவே வேண்டாம்.

பதிலுக்கு என்ன போடலாம்? மஞ்சள் நிறத்தில் வரும் எக்ஸ்.டி.60 என்ற கனெக்டரைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். 3.5 மில்லிமீட்டர் தடிப்பில் தங்க முலாம் பூசிய உருண்டை முனைகள், தலைகீழாகச் செருக முடியாத உருவம், பிடித்து இழுக்க வாகு. பெயரிலுள்ள 60 என்பது சில விநாடிகளுக்குத் தாங்கும் ஆம்பியர். தொடர்ந்து ஓட அதில் பாதி என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். கார் முடுக்குவதும் விடுவதுமாகத்தான் ஓடும், அதனால் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கு இது போதும். பெரிய கார், 14.8 வோல்டும் அதற்கு மேலும் என்றால் எக்ஸ்.டி.90 அல்லது 5 மில்லிமீட்டர் முனையுள்ள இ.சி.5. அந்த வோல்டேஜில் செருகும்போது 'பட்'டென்று பொறி தெறித்து முனை கரிந்து போகும். கட்டுப்பாட்டுக் கருவியிலுள்ள கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது அது. அதைத் தடுக்கச் சிறு ரெசிஸ்டர் உள்ளே வைத்த எக்ஸ்.டி.90-எஸ் கிடைக்கிறது. டீன்ஸ் என்ற 'டி' வடிவப் பிளக்கும் நல்லதுதான், அசலாக இருந்தால். போலிகளில் பிளாஸ்டிக் இளகி முனை சாய்ந்து விடுகிறது.

எதைப் போட்டாலும் பாட்டரி, கார், சார்ஜர் மூன்றிலும் ஒரே இனமாகப் போடுங்கள். மாற்று அடாப்டர் ஒன்று நடுவில் வந்தால் சூடாகும் இடம் இன்னொன்று கூடுகிறது. முனைகள் உள்ளடங்கிய பாதி எப்போதும் பாட்டரி பக்கம். வெளியே நீட்டிய முனை பாட்டரியில் இருந்தால் மேஜை மேல் கிடக்கும் ஸ்பானரே ஷார்ட் செய்துவிடும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். நான் கண்ணாடியைத் தேடிக் கொண்டிருந்தபோது பேரன் கத்தரிக்கோலை எடுத்து, பாட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டையும் ஒன்றாக வைத்து வெட்டப் போனான். "டேய், கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் மராத்திக்கார அம்மா கதவைத் திறந்து பார்த்தார். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரியின் உலோகம் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். லித்தியம் பாட்டரி உப்பித் தீப்பிடிக்கும். ஒன்பதாவது மாடியில் அதை எங்கே தூக்கிப் போடுவது?

ஆகவே ஒரு ஒயரை மட்டும் வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் மாட்டி, சால்டர் செய்து, குழாயைச் சுருக்கி மூடிய பிறகே அடுத்த ஒயரைத் தொடவேண்டும். 60 வாட்டுக்குக் குறைந்த அயர்ன் வேண்டாம். சூடு போதாமல் ஈயம் மேலே மட்டும் ஒட்டும், உள்ளே பிடிக்காது. சால்டர் செய்யும்போது எதையும் இணைக்காத ஜோடிப் பாதியைச் செருகி வைத்தால் பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் நகராது. கனெக்டரின் மேலேயே கூட்டல், கழித்தல் குறி இருக்கிறது. அதை இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அந்தக் கணமே போய்விடும்.

வேலை முடிந்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்ததும் பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சூடே இல்லை தாத்தா. ஆனா இப்போ மோட்டார் சுடுது" என்றான். அது பல்சக்கரப் பொருத்தத்தின் கோளாறு. அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.