பெயர் நிறுவனத்துடையது, பணம் யாருடையது?

2008-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பராக் ஒபாமாவுக்கு அதிக நன்கொடை அளித்த நிறுவனங்களின் பட்டியலில் முன்னணியில் இருப்பது கலிபோர்னியா பல்கலைக்கழகம். அது மாநில அரசின் பல்கலைக்கழகம். அத்தகைய பல்கலைக்கழகம் ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் நிதி தர முடியுமா? முடியாது, தரவும் இல்லை. பிறகு அதன் பெயர் பட்டியலில் வந்தது எப்படி?

பட்டியல் உருவாகும் விதம்

அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் நேரடியாக நன்கொடை தருவதை 1907-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்தது. தனிநபர் தரலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2008-இல் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2,300 டாலர் வரை தரலாம் என்றிருந்தது. ஒருவரின் நன்கொடை மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் அவரது பெயர், முகவரி, தொழில், பணியிடம் ஆகியவற்றை வேட்பாளர் தரப்பு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். இவ்விவரம் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும்.

‘பணியிடம்’ என்ற அந்த ஒரு விவரத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் நன்கொடைகளைத் தொகுக்கிறார்கள். பேராசிரியர், மருத்துவர், அலுவலர் எனப் பலர் தம் சொந்தப் பணத்திலிருந்து தந்தவை ஒன்றுசேர்ந்து பல்கலைக்கழகத்தின் பெயரில் நிற்கின்றன.

ஊழியருக்குப் பாதுகாப்பு

பணியிடத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஊழியர் பலர் ஒரே நாளில் ஒரே தொகையைத் தந்திருந்தால், நிறுவனமே அவர்கள் வழியாகப் பணம் தந்ததா என்ற ஐயம் எழும். ஊழியர் தந்த நன்கொடையை நிறுவனம் திருப்பித் தருவதும், நன்கொடை தரும்படி மிரட்டுவதும் அங்கு சட்டவிரோதம்.

நம் நாட்டில்

இந்தியாவில் நிலை வேறு. நிறுவனச் சட்டம், 2013-இன்படி தனியார் நிறுவனங்களே அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம். அரசு நிறுவனங்கள் தரக்கூடாது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்கின்றன. ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி நாம் வாக்களிக்கலாம். கட்சி உறுப்பினராகவோ அரசியல் இயக்கத்துக்கு நிதி தருபவராகவோ இருக்க முடியாது.

வகுப்பறையில்

சதவீதம் கற்பிக்கும்போது இந்தக் கற்பனைக் கணக்கைக் கொடுக்கலாம். ஒரு நிறுவனத்தில் 20,000 ஊழியர்கள். நன்கொடை தந்தவர்கள் 500 பேர். அவர்களுள் ‘அ’ கட்சிக்குத் தந்தவர்கள் 400 பேர். ‘ஆ’ கட்சிக்கு 100 பேர். “நிறுவன ஊழியர்களில் 80 சதவீதத்தினர் ‘அ’ கட்சி ஆதரவாளர்கள்” என்று நாளிதழ் எழுதுகிறது. இது சரியா?

நன்கொடை தந்தவர்களில் 80 சதவீதம் என்பது சரி. மொத்த ஊழியர்களில் அது 2 சதவீதமே. மீதமுள்ள 19,500 பேரின் கருத்து நமக்குத் தெரியாது.

தந்தவர் யார், எத்தனை பேரில் எத்தனை பேர், விடுபட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் மாணவர்களே கேட்கும்படி விடுங்கள். பணியிடத்தின் பெயரைக் கொண்டு ஒருவரின் அரசியலை முடிவு செய்வது பிழை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.