காகிதம் கடல் தாண்டுகிறது

அந்தமான் தீவுகளுக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 1,350 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். 2020 ஆகஸ்டில் இந்தக் கடலுக்கு அடியில் ஒரு கேபிள் வந்தது. அதன் உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது. இழை வழியாக ஒளி ஓடுகிறது. அந்த ஒளியில்தான் செய்தியும் படமும் போகின்றன.

சென்னையில் தொடங்கும் கேபிள் ஸ்ரீ விஜயபுரம் வருகிறது. போர்ட் பிளேர் நகரத்துக்குத்தான் 2024இல் இந்தப் பெயர் வைத்தார்கள். லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் தீவுகளுக்கும் கேபிள் போகிறது.

லிட்டில் அந்தமானில் ஹட்பே என்று ஓர் ஊர். அங்கே ஓர் அம்மா பென்ஷனுக்கு மனுப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினியிலேயே மனுப் போடலாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் படம் தெளிவாக இல்லை என்று மனு திரும்பி வந்தால்? மறுபடி அலைச்சல். நகரத்துக்குப் போவதென்றால் கப்பல் டிக்கெட், கூலி நஷ்டம். பென்ஷனும் தள்ளிப் போகும்.

மனு ஏன் திரும்புகிறது? பெரும்பாலும் சின்னக் காரணம்தான்.

ஸ்கேனர் என்பது ஜெராக்ஸ் மெஷினுக்குத் தம்பி. கண்ணாடி மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறோம். உள்ளே ஒரு விளக்கு நகர்கிறது. காகிதத்தைப் புள்ளி புள்ளியாகப் படம் எடுக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒரு முழுப் பக்கத்துக்குச் சுமார் 87 லட்சம் புள்ளி! 150 என்று வைத்தால் சுமார் 22 லட்சம்தான். புள்ளி கூடினால் படம் தெளியும். ஆனால் எடையும் கூடும்.

ஆம், படத்துக்கும் எடை உண்டு. அரிசிக்குக் கிலோ போல, இதற்குக் கே.பி. என்று கணக்கு. மனு வாங்கும் இடத்தில் ‘இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும்’ என்று போட்டிருப்பார்கள். கூடினால் ஏற்காது. மிகவும் குறைத்தால் பெயரே படிக்க வராது. ஆகவே நூலகத்திலோ பொதுச் சேவை மையத்திலோ உதவுகிறவர் ஸ்கேன் செய்யும் முன்பே, ‘இதை எங்கே கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் நிறைய. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எழுத்து மங்கிப் போகும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

தமிழில் டைப் செய்த கடிதத்துக்கு வேறொரு தொல்லை. வேறு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியலாம். கடிதம் கெடவில்லை. அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதையே பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோனால் பெரும்பாலும் எழுத்து மாறாது.

கணினியிலிருந்து எடுத்த ஆதார் திறக்கும்போது ரகசியச் சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. முருகன், 1965 என்றால் எம், யூ, ஆர், யூ, பிறகு 1965. இதை நினைவில் வைத்தால் யாரையும் கேட்க வேண்டாம்.

நகலை ஏன் பத்திரமாக வைக்க வேண்டும்? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கச்சால் தீவில் பெரும் சேதம். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய தீவு அது. வீட்டோடு கடல் கொண்டுபோன காகிதத்தை எங்கே தேடுவது? இன்று அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் நகல் இருந்தால் வேறு ஊரிலிருந்தும் எடுக்கலாம்.

வேலை முடிந்ததும் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். பிறர் கணினியில் உங்கள் ஆதார், பாஸ்புக் படங்கள் கிடக்கும். யார் கையிலாவது சிக்கினால் உங்கள் பெயரில் மோசடி செய்யலாம். அழிக்கச் சொல்லுங்கள். அழித்தது முதலில் கணினியின் குப்பைத்தொட்டிக்குப் போகும். அதையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் இருக்கும். கூச்சம் வேண்டாம். அது உங்கள் காகிதம்.

இன்னும் ஒன்று. ஸ்கேனரின் மூடியைத் திறந்து பாருங்கள். பலர் அசல் அட்டையை அதற்குள்ளேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுகிறார்கள்.