நரம்புச் சிலந்தியும் ஒரு மலைப் போதகரும்

கல்வராயன் மலையின் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து இளைஞர்களுக்கு நரம்புச் சிலந்தி என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. தெரியாமல் போனதே பெரிய காரியம்.

காலில் கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்ததுபோல் எரியும். அது உடைந்தால் வெள்ளை நூல்போல ஒரு புழு தலைநீட்டும். நீளம் ஒரு மீட்டர்கூட இருக்கும். குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராகப் பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், கால் சீழ்ப்பிடிக்கும்.

பக்கத்துக் கொல்லிமலையில் இப்படிப் பலர் காலிலிருந்து புழுவைச் சுற்றி எடுத்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு உட்படாத ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகர்; 1907இல் இந்தியா வந்தவர். முழு மருத்துவர் அல்லர். லண்டனில் மிஷனரிகளுக்கென நடந்த சுருக்கமான மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றிருந்தார். ஆனால் புழுவை எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார்.

காலின் எரிச்சலில்தான் இருக்கிறது புழுவின் சூட்சுமம். எரிச்சல் தாளாமல் மனிதர் காலைத் தண்ணீரில் வைப்பார். தண்ணீர் பட்டதும் பெண்புழு லட்சக்கணக்கான குஞ்சுப்புழுக்களை வெளியேற்றும். சைக்ளாப்ஸ் என்னும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவர் வயிற்றில் பூச்சி செத்துவிடும். உள்ளிருந்த புழு தப்பிக் குடலைத் துளைத்துப் போகும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து இன்னொரு காலில் கொப்புளம். ஆக, புழுவைக் கிணற்றுக்குச் சுமந்து போனது நோயாளியின் காலேதான். கால் நீரில் படாமலிருந்தால் அதன் வம்சம் அங்கேயே அற்றுப்போகும். கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்புங்கள், நீரை வடிகட்டிக் குடியுங்கள் என்று பிராண்ட் ஊர் ஊராக வற்புறுத்தினார். பிரசங்கத்துக்கு இணையான உழைப்பு அது என்றே நான் நினைக்கிறேன்.

1929இல், 44 வயதில் அவர் இறந்தார். மலேரியா முற்றி, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து உயிரைப் பறிக்கும் கருநீர்க் காய்ச்சல். மனைவி எவலின் மலையை விடவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் மட்டக்குதிரையில் ஏறிக் கொல்லிமலை, பச்சைமலை, இந்தக் கல்வராயன் மலை என்று மருந்துப் பெட்டியோடு சுற்றினார், 1974இல் காலமானார். மகன் பால் பிராண்ட் வேலூர் சிஎம்சியில், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் அவர்களுக்கு வலி தெரியாமல் போவதே என்று நிறுவினார். தகப்பன் போராடியதோ மனிதரின் வலியை வைத்தே பிழைத்த புழுவோடு.

பின்னாளில் அரசு எடுத்த வழியும் அதேதான்: படிக்கிணறுகளை மூடிய கிணறுகளாக்கினார்கள், கைபம்பு வைத்தார்கள், துணியில் வடிகட்டச் சொன்னார்கள். நாட்டின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி அற்ற நாடாக அறிவித்தது. 1986இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேரை வதைத்த நோய், 2023இல் 14 பேரிடம் மட்டுமே பதிவானது. இதற்குத் தடுப்பூசி ஒன்றும் வந்துவிடவில்லை; புழுவைக் கொல்லும் மருந்தும் இன்றுவரை இல்லை.