கிளாம் ராக்

கிளாம் ராக் என்பது 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான ராக் இசை வகையாகும். ஆண் பாடகர்கள் மின்னும் உடை, முக ஒப்பனை, உயரமான காலணி ஆகியவற்றுடன் மேடையேறியது இதன் அடையாளம். இசையில் இது 1950களின் எளிய ராக் அண்டு ரோல் தாளத்தைப் பெரிதும் சார்ந்திருந்தது.

தோற்றம்

1971 மார்ச்சில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன், பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் கண்களுக்குக் கீழே மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு பாடினார். இதுவே கிளாம் ராக்கின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1972 ஜூனில் டேவிட் போவி, 'ஸிகி ஸ்டார்டஸ்ட்' என்னும் கற்பனைப் பாடகனை மையமாகக் கொண்ட இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஸ்லேட், ஸ்வீட், ராக்ஸி மியூசிக் ஆகியவை பிற முக்கியக் குழுக்கள்.

சமூகப் பின்னணி

இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான பாலுறவு 1967 வரை முற்றிலும் குற்றமாக இருந்தது. 1972 ஜனவரியில் போவி ஓர் இசை இதழின் பேட்டியில் தம்மைத் தன்பாலீர்ப்பினர் என்று அறிவித்தார். ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வரையறைக்குள் அடங்காத இளைஞர்களுக்கு, தொலைக்காட்சி வழியே வீட்டுக்கே வந்த இப்பாடகர்கள் துணிவளித்தனர்.

மேடை மரபுகளுடன் ஒப்பீடு

ஆண்களே பெண் வேடமிடும் ஜப்பானியக் கபுகி நாடகத்திலிருந்து போவி ஒப்பனையையும் உடையமைப்பையும் எடுத்துக்கொண்டார். தமிழ் மேடைக்கும் இது புதிதன்று. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் ஏற்றனர். மதுரை, அருப்புக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களின் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் நடிகர் முகப்பூச்சும் ஜிகினா உடையுமாகப் பாடுவார். ஆனால் இங்கு ஒப்பனை கதைமாந்தருக்கு உரியது. நாடகம் முடிந்ததும் கலைந்துவிடும். கிளாம் ராக்கில் பாடகர் பெரும்பாலும் தாமாகவே நின்று ஒப்பனை அணிந்தார். ரசிகர்களும் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர்.

இந்தியத் தொடர்பு

குயின் குழுவின் பிரெடி மெர்குரி, 1946இல் சான்சிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் படித்தபோது 'ஹெக்டிக்ஸ்' என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தார். 1964இல் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். குயின் குழுவின் தொடக்ககால உடையிலும் இசையிலும் கிளாம் ராக்கின் சாயல் தெளிவாக உண்டு.

தாக்கம்

1970களின் நடுப்பகுதியில் இவ்வலை தணிந்தது. எனினும் பங்க் இசை, 1980களின் நியூ ரொமான்டிக் குழுக்கள், அமெரிக்காவின் கிளாம் மெட்டல் ஆகியவற்றில் இதன் தாக்கம் தொடர்ந்தது. இன்று ஆண் பாடகர்கள் ஒப்பனையுடன் பாடுவது மேற்கத்திய மேடைகளில் இயல்பானதற்கு இவ்வகை முக்கியக் காரணமாகும்.